ஊவா மலையில் அறிவு வேரூன்றுமா?

கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று மலர்க் குழுவினர் எழுதியபொழுது, விடுதி வாழ்க்கையைப் பற்றியோ ஆட்டக்களத்து வெற்றிகளைப் பற்றியோ எழுதுவதே பொருத்தமென்று நண்பர் சிலர் கூறினர். அவற்றை என்னினும் சுவைபட எழுதவல்லார் நம்முள் பலர் உளர். நானோ நம் கல்லூரி விஞ்ஞானக் கூடத்தில் பெற்ற சிறு முதலைக் கைக்கொண்டு ஊவா மாகாணத்துக்குச் சென்று, பசறைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளிலும் பின்னர் பதுளை நகரிலுமாக முப்பத்திரண்டு ஆண்டுகள் கற்பித்து ஓய்வு பெற்றவன். அங்கே என் மனத்தை நெடுங்காலம் அலைக்கழித்த வினா ஒன்று உண்டு. அதனையே பழைய மாணவர்க்கும் ஆசிரியர்க்கும், சிறப்பாக இன்று கல்லூரியிற் பயிலும் இளைஞர்க்கும் முன்வைக்க விரும்புகின்றேன். ஒரு மலைப் பிரதேசம் நூறாண்டுக்கு மேலாக உலகச் சந்தைக்குப் பொருள் விளைத்துக் கொடுத்து வருகின்றது. அங்குள்ளோர் கைத்திறனிலோ மதிநுட்பத்திலோ எவர்க்கும் குறைந்தவரல்லர். அவ்வாறிருந்தும் புதியன காணும் ஆற்றல் அம்மண்ணிலே நிலைத்து வேரூன்றாமற் போனது ஏன்?

பொருளியலார் இதற்கு இக்காலத்தில் ஒரு பெயர் இட்டிருக்கின்றனர். கார்டிப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய பிலிப் குக் என்பார் 1992ஆம் ஆண்டில் ‘பிராந்தியப் புத்தாக்க முறைமை’ என்னும் கருத்தை விளக்கி எழுதினார். பெயர் பெரிதாயினும் பொருள் எளிதே. புதிய பொருளோ புதிய வழியோ ஒரு மேதையின் தலையில் மட்டும் பிறந்துவிடுவதில்லை. பட்டறைக்காரன், பண்ணையாளன், ஆராய்ச்சியாளன், வங்கியாளன், அரசாங்க உத்தியோகத்தன் ஆகியோர் ஒருவர்க்கொருவர் அண்மையில் இருந்து, ஒருவர் கூறுவதை மற்றவர் செவிமடுத்து, பட்ட அனுபவத்தைப் பகிர்ந்து கொள்ளும் இடத்திலேதான் அது வளர்கின்றது. ஆதலால் நாடு முழுவதையும் ஒன்றாக வைத்து நோக்குவதோடு நில்லாமல், ஒவ்வொரு பிராந்தியத்திலும் இத்தகைய போக்குவரத்து உண்டா என்று நோக்குதல் வேண்டும் என்பதே அவர் போன்றோரின் கொள்கை. 1890இலேயே ஆங்கிலப் பொருளியலறிஞர் அல்பிரட் மார்ஷல், ஒரே தொழில் செறிந்த ஊர்களில் அத்தொழிலின் நுணுக்கங்கள் இளையோர்க்குத் தாமாகவே கைவருவதை எடுத்துக் காட்டியிருக்கின்றார்.

இது மேனாட்டார்க்கே உரிய பேறு என்று கருத வேண்டுவதில்லை. தமிழகத்திலே கோயம்புத்தூர் இதற்கு நல்ல சான்று. அங்கே 1888இல் முதலாவது பஞ்சாலை எழுந்தது. 1932இல் பைக்காரா நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் கிடைத்தது. ஆலைகள் பெருகின. ஆலை இயந்திரங்களைப் பழுதுபார்க்கப் பட்டறைகள் தோன்றின. பழுதுபார்த்தவர்களே நாளடைவில் புதிதாகச் செய்யவுங் கற்றுக்கொண்டனர். 1937இல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் மின்சார மோட்டாரை உள்ளூரிலேயே செய்து காட்டினர். 1926இல் தொடங்கிய பி. எஸ். ஜி. அறநிலையம் தொழிற் கல்விக்கு வழிசெய்தது. 1956இல் தென்னிந்திய நெசவாலை ஆராய்ச்சிச் சங்கமும் அவ்வூரிலேயே அமைந்தது. ஆற்றுப் பாசனம் வாய்க்காத அந்த வறண்ட நாட்டிலே கிணற்று நீரை இறைக்கும் தேவை உழவனுக்கு இருந்தது. அத்தேவையைப் பட்டறைக்காரன் அடுத்த தெருவிலிருந்தே கண்டான். இவ்வளவும் ஒரு நாள் நடையிற் சுற்றிவரத்தக்க வட்டத்துள் நிகழ்ந்தன என்பதை நாம் கவனித்தல் வேண்டும்.

இனி ஊவாவுக்கு வருவோம். 1886இல் தனி மாகாணமாக்கப்பட்ட ஊவா, இன்று பதுளை, மொணராகலை என்னும் இரு மாவட்டங்களைக் கொண்டது. 1924இல் புகையிரதம் பதுளையை வந்தடைந்தது. நமுனுகுலை மலையின் சரிவுகளிலும் பசறை, மடுல்சீமை, லுணுகலை, ஹாலி எலை, அப்புத்தளைப் பக்கங்களிலும் தேயிலை பரந்து கிடக்கின்றது. ஆடி, ஆவணி மாதங்களில் மலையைக் கடந்து வீசும் வறண்ட காற்றினால் கொழுந்து மெல்ல வளர்ந்து, வேறெங்கும் பெறற்கரிய ஒரு நறுமணத்தைப் பெறுகின்றது. ‘ஊவாத் தேயிலை’ என்று உலகம் விரும்புவது அப்பருவத்துத் தேயிலையையே. ஆயினும் அம்மணம் காற்றினால் மட்டும் வருவதன்று. கொழுந்தை எவ்வளவு நேரம் வாட்டுவது, எப்பொழுது உருட்டுவது, எக்கணத்தில் சூட்டறைக்கு அனுப்புவது என்பவற்றைக் காற்றின் ஈரமறிந்து நாள்தோறும் தீர்மானிக்கும் டீமேக்கரின் கையிலும் மூக்கிலும் அது பாதி தங்கியிருக்கின்றது. பத்தாவது வகுப்போடு படிப்பை நிறுத்திய டீமேக்கர் ஒருவர், இலையை உள்ளங்கையில் அழுத்திப் பார்த்தே அதன் ஈரப்பதத்தை எனக்குக் கூறியதுண்டு. அவர் கூறியதை என் மாணாக்கர் தராசிட்டுச் சோதித்து வியந்தனர்.

இத்தகைய கூர்மை ஊவாவுக்குப் புதிதன்று. தேயிலைக்கு முன்னர் இம்மலைகளிற் கோப்பி விளைந்த காலத்தில், 1869ஆம் ஆண்டு, மடுல்சீமையிலேதான் கோப்பி இலையில் செம்மஞ்சட் புள்ளிகள் முதன்முதற் காணப்பட்டன. பேராதனைப் பூங்காவின் தலைவர் துவைற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்ப, பார்க்லி என்னும் பூஞ்சண நூலார் அந்நோய்க்குக் காரணமான பூஞ்சணத்துக்குப் பெயரிட்டார். ஆனால், அது எவ்வாறு பரவுகின்றது என்பதை ஆராய மார்ஷல் வார்ட் என்னும் இளம் விஞ்ஞானி இலங்கைக்கு வந்ததோ 1880இல். இடையிற் பத்தாண்டுகள் கழிந்துவிட்டன. நோயின் வித்துக்கள் காற்றிற் பரவுவதையும், இடைவெளியின்றி ஒரே பயிரை மலை மலையாக நட்டமையே அதற்குப் பாதை வகுத்தமையையும் அவர் விளக்கினார். அதற்குள் காலங் கடந்துவிட்டது. சில ஆண்டுகளிற் கோப்பித் தொழிலே அழிந்தது. நோயை முதலிற் கண்ட கண் மடுல்சீமையில் இருந்தது. அதை ஆராயும் அறிவோ நெடுந்தூரக் கடற்பாதைக்கு அப்பால் இருந்தது. கண்ணுக்கும் அறிவுக்கும் இடைப்பட்ட அத்தூரமே ஊவாவின் பிற்கால வரலாற்றிலும் தொடர்ந்து வருகின்றது எனலாம்.

தேயிலை இயந்திரங்களின் கதையும் இத்தகையதே. அசாமில் தோட்டத் துரையாக இருந்த சாமுவேல் டேவிட்சன் என்பவர் தேயிலை உலர்த்தும் இயந்திரத்தை அங்கேயே சிந்தித்துக் கண்டார். ஆனால் அதைச் செய்வதற்கான ‘சிரொக்கோ’ தொழிற்சாலையை 1881இல் அவர் நிறுவியது அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில். மலையிற் பிறந்த எண்ணம் கடல் கடந்து சென்று, இரும்பாக மாறி, விலைச் சீட்டுடன் மலைக்குத் திரும்பியது. இன்றும் நம் ஊர்த் தோட்டத்து ‘ஸ்டோர்’களில் பழைய இயந்திரங்கள் ஓடுகின்றனவென்றால், அவற்றை ஓட வைப்போர் ‘பிட்டர்’ என்று அழைக்கப்படும் திருத்துநர்களே. உதிரிப் பாகங்கள் கிடையாத காலங்களில் அவர்கள் செய்த மாற்றங்கள் பல. என் மாணாக்கன் ஒருவனுடைய தந்தையார் அத்தகைய பிட்டர். சூட்டறை விசிறியின் இதழ்களை வளைத்து விறகுச் செலவைக் குறைத்திருந்தார். அதனை அளவுகளோடு மகனுடைய பழைய கணக்குக் கொப்பியின் பின்பக்கங்களில் வரைந்து வைத்திருந்ததை நான் கண்டேன். இதை மேலிடத்துக்குத் தெரிவித்தீர்களா என்று வினவினேன்.

“யாருகிட்டச் சொல்றது மாஸ்டர்? பெரிய துரை மாறிக்கிட்டே இருப்பாரு. வர்றவரு, மெசின்ல கை வைக்காதேம்பாரு. ஓடுற வரைக்கும் ஓடட்டும்னு விட்டுட்டேன்” என்றார் அவர்.

அவர் இளைப்பாறிய பின்னர் அவ்விசிறி மாற்றப்பட்டது. கொப்பி என்னவாயிற்றென்று மகனுக்கும் தெரியாது. அந்த மனிதருடைய சொல்லில் குறையிருப்பதாக நான் கருதவில்லை. கேட்பதற்கென்று ஒருவர் இல்லாத இடத்தில் அறிந்தவன் வேறென் செய்வான்?

நாட்டில் தேயிலை ஆராய்ச்சியே இல்லையென்று எவரும் எண்ணிவிடலாகாது. 1925இல் தொடங்கப்பட்டுத் தலவாக்கலை சென்ற் கூம்ஸ் தோட்டத்தில் அமைந்த தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் செய்த தொண்டு பெரிது. இலைகளைச் சுருட்டித் தின்னும் புழு பெருகியபொழுது, 1930களின் நடுவில் யாவாத் தீவிலிருந்து ஒரு சிறு குளவியினத்தைக் கொணர்ந்து பரப்பி, நஞ்சு தெளிக்காமலே அப்புழுவை அடக்கியது உலகெங்கும் எடுத்துக்காட்டாகக் கூறப்படும் வெற்றி. 1946இல் கொப்புள நோய் வந்தபொழுதும் நிறுவகம் தோட்டங்களுக்குத் துணைநின்றது. ஊவாவுக்கென்றே பசறையில் அதன் கிளை நிலையம் ஒன்றும் உண்டு. பண்டாரவளையில் விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கின்றது. 2005இல் பதுளையிலே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் தொடங்கியது. விளைபொருளுக்குப் பெறுமதி சேர்த்தலையே நோக்கமாகக் கொண்டு, தேயிலைத் தொழில்நுட்பத்துக்குத் தனிப் பட்டப் படிப்பையும் அது வகுத்தது. ஆகவே நிறுவனங்கள் இல்லாமை நம் குறையன்று. அந்நிறுவனங்களுக்கும் மலையில் உழைப்போருக்கும் இடையிற் பாதை இல்லாமையே குறை.

அப்பாதை ஏன் அமையவில்லை என்பதற்குத் தோட்டத்தின் அமைப்பையே முதலில் நோக்க வேண்டும். தோட்டம் என்பது கட்டளை மேலிருந்து கீழே இறங்கிவரும் இடம். துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி, தொழிலாளி என்று அது படிப்படியாக இறங்குகின்றது. கீழிருந்து மேலே செல்வது கொழுந்தின் நிறை மட்டுமே. 1883முதல் தேயிலை கொழும்பு ஏலத்தில் விற்கப்படுகின்றது. மணமறிந்து விலை கூறுவோர் அங்கே இருக்கின்றனர். 1975இல் அரசாங்கம் பெருந்தோட்டங்களைக் கையேற்றபொழுதும், 1992இல் அவற்றின் முகாமை 22 பிராந்தியக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டபொழுதும் இவ்வொழுங்கு மாறவில்லை. பெயரிலே பிராந்தியம் உண்டு. தீர்மானம் செய்யும் மேசையோ கொழும்பில் உண்டு.

இரண்டாவது, அம்மக்கள் நெடுங்காலம் நாட்டின் பொது வாழ்வுக்குப் புறம்பாக வைக்கப்பட்டிருந்தனர். 1948இன் சட்டத்தினால் குடியுரிமை இழந்த சமூகத்தின் கடைசிப் பகுதியினர்க்கு அது மீண்டது 2003இல். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் கையேற்கத் தொடங்கியது 1977இல். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், சபையின் சேவைகள் தோட்டக் குடியிருப்புக்களைச் சென்றடைய இடந்தராத வகையில் அமைந்திருந்தது. அது திருத்தப்பட்டது 2018இல். விவசாய உத்தியோகத்தர் வெலிமடைக் கிராமத்து உருளைக்கிழங்குப் பாத்திக்குச் செல்வார். அதே மழையில் அதே கிழங்கை லயத்தின் பின்புறத்தில் நட்டிருக்கும் தோட்டத் தொழிலாளியிடம் செல்வதற்கு அவருக்குக் கடமையுமில்லை. சென்றாலும் பேசுவதற்குப் பெரும்பாலும் தமிழ் இல்லை. லயமும் பாத்தியும் தமக்குரிமையானவை அல்லவாதலின் அவற்றில் முதலிட்டுப் புதியதொன்றைச் செய்து பார்க்க எவருந் துணியார். இன்று சிறு காணியும் தனி வீடும் என்று சிலருக்குக் கிடைத்து வருவது நல்ல தொடக்கம். தன் நிலத்தில் தவறிப் பார்க்கும் சுதந்திரம் இல்லாதவனுக்குப் புதியது காணும் வழியும் இல்லை.

மூன்றாவது, கற்றவர் திரும்பி வருவதில்லை. என் மாணாக்கருள் ஒருத்தி தொழிலாளியின் மகள். பல்கலைக்கழகத்திலே தேயிலைத் தொழில்நுட்பம் பயின்று சிறப்பாகத் தேறினாள். இன்று கொழும்பில் ஏற்றுமதி நிறுவனமொன்றிற் பணிபுரிகின்றாள். தீபாவளிக்கு வந்தவளிடம், பதுளையிலே ஏதேனும் தொடங்கக் கூடாதா என்று கேட்டேன். “தொடங்கலாம் சேர். சின்ன மெசின் ஒன்றுக்கு வங்கியில் கடன் கேட்டால் காணி உறுதி கேட்கிறாங்க. எங்க அப்பாவுக்கு லயக்காம்பராதானே இருக்கு” என்று சிரித்துக்கொண்டே கூறினாள். அச்சிரிப்பிற் கசப்பு இல்லை. ஆயினும் அதற்கு விடை கூற எனக்கு இயலவில்லை. இலங்கை ஆராய்ச்சிக்கும் விருத்திக்கும் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.1 சதவீதமளவே. அச்சிறு தொகையிலும் மலையைச் சென்றடையும் பங்கு எத்துணையாகும் என்பதை வாசகர் தாமே ஊகிக்கலாம். விஞ்ஞான தொழில்நுட்ப அமைச்சு 2000ஆம் ஆண்டுகளில் பிரதேச செயலகங்கள்தோறும் ‘விதாதா’ வள நிலையங்களை அமைக்க முற்பட்டது நல்ல எண்ணமே. ஆனால் நிலையம் ஒன்றைத் திறப்பது எளிது; அதனுள் மக்களின் கேள்விகளைக் கொண்டுவந்து சேர்ப்பது அரிது.

சிறு நீர்மின் நிலையங்களின் வரலாறும் இங்கு நினைக்கத்தக்கது. பொறியியலாளர் விமலசுரேந்திரா 1918இலேயே இலங்கையின் நீர்வலுவைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். அவர் கண்ட லக்சபானத் திட்டம் நிறைவேறியது 1950இல். அதற்கு முன்னரே மலைநாட்டுத் தோட்டங்கள் பல தத்தம் ஓடைகளிற் சுழலி அமைத்து ஸ்டோரை ஓட்டின. பெருமின்சாரம் வந்ததும் அவை கைவிடப்பட்டன. சூமாக்கர் என்னும் பொருளியலறிஞர் 1966இல் பிரித்தானியாவில் நிறுவிய இடைநிலைத் தொழில்நுட்ப விருத்திக் குழு, பிற்காலத்தில் இலங்கைக்கு வந்து அப்பழைய நிலையங்கள் சிலவற்றைப் புதுப்பித்தது. உள்நாட்டுப் பட்டறைகளே சுழலி செய்யக் கற்றன. 1990களில் மலைக் கிராமங்கள் பல தாமே சங்கம் கூடி ஓடையிலிருந்து விளக்கேற்றின. பின்னர் அரசாங்கத்தின் மின்கம்பி அக்கிராமங்களையும் அடைந்தது. சங்கங்கள் பல கலைந்தன. மின்கம்பி வந்தது தீங்கென்று கூறேன். சங்கம் நடத்தவும் சுழலி திருத்தவும் அம்மக்கள் பெற்ற பயிற்சியை அடுத்த தேவைக்குத் திருப்பிவிட ஒருவரும் அங்கே இல்லாமற் போனதே இழப்பு.

மேலிருந்து வரும் ‘புதுமை’ எவ்வாறு முடியும் என்பதையும் அண்மையிற் கண்டோம். 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே ஆணையினால் நிறுத்தப்பட்டது. இயற்கைப் பசளையின் நன்மையை மறுப்பார் இலர். ஆயினும் எந்த மண்ணில், எத்தனை ஆண்டில், எப்படி மாறுவது என்று பயிரிடுவோரிடமோ ஆராய்ச்சியாளரிடமோ நிதானமாகக் கேட்டறிந்து செய்யப்பட்டதன்று அம்மாற்றம். நவம்பரில் ஆணை கைவிடப்பட்டது. 2021இல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை விளைவு 2022இல் சுமார் 25 கோடி கிலோவாகச் சரிந்தது. உமா ஓயாத் திட்டத்திலும் இத்தகைய பாடம் உண்டு. 2014இன் இறுதியில் சுரங்கத்தினுள் நீர் பெருகிப் பாய, பண்டாரவளைப் பக்கத்துக் கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன. மலையின் உள்ளே நீர் ஓடும் வழியை அம்மலையில் வாழ்வோரின் கிணறுகளே முதலிற் காட்டின. 2024 ஏப்ரலில் திட்டம் திறந்து வைக்கப்பட்டது.

இவையெல்லாம் பொருள் இழப்புக்கள். உயிரிழப்பைப் பற்றிக் கூறாமல் இக்கட்டுரையை முடித்தல் இயலாது.

பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவு அபாயமுள்ள இடங்களை வரைபடமாக்கும் பணி 1990இல் தொடங்கியது. நாட்டிலேயே முதலாவதாக அப்பணி நம் மாவட்டங்களிலே செய்யப்பட்டது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் புவியியலாளர்கள் மலை மலையாக ஏறி அளந்தனர். ஹல்துமுல்லைப் பிரதேசத்துக் கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டப் பிரிவு ஆபத்தான இடமென்றும் அங்குள்ளோர் இடம்பெயர வேண்டுமென்றும் 2005இலும் மீண்டும் 2011இலும் எச்சரிக்கப்பட்டது. அறிவு இருந்தது, அது எழுத்திலும் இருந்தது. 2014 ஒக்டோபர் 29ஆந் தேதி காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. வீட்டில் இருந்தோர் மண்ணுள் மறைந்தனர். மீட்கப்படாத உடல்கள் இன்றும் அம்மண்ணின் அடியிலே கிடக்கின்றன.

யார் சொல்லவில்லை, யார் கேட்கவில்லை என்று வழக்குரைப்பது என் நோக்கமன்று. இடம்பெயர்வது எங்கே, காணி யாருடையது, வீடு யார் கட்டுவது, வேலைக்கு எவ்வாறு வருவது என்னும் கேள்விகளுக்கு விடையில்லாத எச்சரிக்கை, எழுதப்பட்ட தாளாகவே நின்றுவிடும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் முன்னோர் எளிதாகச் சொல்லிவைத்தனர். புத்தாக்க முறைமை என்பது செல்வம் பெருக்கும் வழி மட்டுமே என்று கருதியிருந்த எனக்கு, அஃது உயிர் காக்கும் வழியும் ஆகும் என்பதை மீரியபெத்தை உணர்த்தியது.

அவ்வாண்டுக்குப் பின்னர் எம் பாடசாலையில் ஒரு சிறு முயற்சி செய்தோம். மழைமானி ஒன்றை முற்றத்தில் நாட்டினோம். வேறு சிலவற்றை வாய் அகன்ற போத்தலும் புனலுங் கொண்டு மாணாக்கரே செய்து, தத்தம் லயங்களுக்கு அருகே வைத்தனர். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருத்தல், 100 மில்லிமீற்றரானால் வெளியேற ஆயத்தமாதல், 150 மில்லிமீற்றரானால் உடனே வெளியேறுதல் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த அளவு. இவ்வளவைத் தமிழில் எழுதி ஒவ்வொரு லயத்துச் சுவரிலும் ஒட்டினோம். நிலத்தில் வெடிப்புக் காணல், மரம் சாய்தல், ஊற்று திடீரெனக் கலங்குதல் அல்லது மறைதல் ஆகியவையும் எழுதப்பட்டன. ஒட்டிய மறுநாள், கொழுந்தெடுத்து ஓய்ந்த முதியவள் ஒருத்தி எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

“ஊத்துத் தண்ணி கலங்குச்சுன்னா மலைக்கு வயித்துவலின்னு எங்க ஆத்தா சொல்லும். அதைத்தானே நீங்களும் எழுதியிருக்கீங்க, வாத்தியாரய்யா” என்றாள்.

அவள் சொன்னதையும் மாணாக்கர் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டனர். புவியியலாளர் கருவிகொண்டு கண்டதும் அம்முதியவள் தாய்வழியாகக் கேட்டதும் ஒரே தாளில் அமைந்தன. மூன்று ஆண்டுகள் அம்மாணாக்கர் விடுமுறை நாட்களிலுந் தவறாது மழை அளந்தனர். ஒரு மழைக்காலத்தில், அளவு 100ஐக் கடந்த இரவில், ஒன்பதாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் வீடு வீடாகச் சென்று தட்டி எழுப்பி, எல்லோரையும் கோயில் மண்டபத்தில் இருக்கச் செய்தான். அன்றிரவு மலை சரியவில்லை. மறுநாட் காலையில் சிலர் அவனை நகைத்தனர். ஆயினும் அடுத்த மழைக்கும் அவன் தட்டினான். அவர்களும் எழுந்து சென்றனர். 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயல் மலைநாட்டைத் தாக்கிப் பதுளை மாவட்டத்திலும் பல உயிர்களை மண்சரிவு கொண்டுபோனபொழுது, இத்தகைய சிறுவர்கள் லயந்தோறும் இருந்திருந்தால் என்று எண்ணி வருந்தினேன்.

ஊவா போன்ற சிறு பிராந்தியத்துக்குத் தனி முறைமை எதற்கு, கொழும்பு ஒரு பகற் பயணந்தானே என்று கேட்போர் உளர். அறிவைப் புகையிரதத்தில் ஏற்றி அனுப்பிவிடலாம் என்பது அவர்கள் எண்ணம். அச்சடித்த அறிவை அவ்வாறு அனுப்பலாம். டீமேக்கரின் உள்ளங்கையும் பிட்டரின் விசிறியும் முதியவளின் ஊற்றும் அச்சில் ஏறாதவை. அவற்றை அருகிருந்தே கற்றல் வேண்டும். பல்கலைக்கழக மாணவர் ஒவ்வொருவரும் ஒரு பருவத்தைத் தோட்டத்து ஸ்டோரிலோ லயத்துப் பாத்தியிலோ கழித்து, அங்குள்ளோர் கூறும் ஒரு குறையை ஆராய்ச்சிப் பொருளாகக் கொள்ளலாம். பசறை நிலையத்தின் துண்டுப் பிரசுரங்கள் தமிழிலும் சிங்களத்திலும் தொழிலாளர் கைக்கே சென்றடையலாம். தொழிலாளி கண்ட திருத்தத்தை அவன் பெயராலேயே பதிந்து பரிசளிக்கும் வழக்கத்தைத் தோட்டங்கள் மேற்கொள்ளலாம். காணி உறுதியின்றியும் கடன் கொடுக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் முன்வரலாம். இவற்றுள் ஒன்றேனும் பெருஞ் செலவு வேண்டுவதன்று.

நம் கல்லூரிக்கும் இதில் ஒரு கடமை உண்டு என்பது என் துணிபு. நம் பழைய மாணவருள் பொறியியலாளர் உளர், வங்கியாளர் உளர், வைத்தியர் உளர், கடல் கடந்த நாடுகளில் ஆராய்ச்சிக் கூடங்களை நடத்துவோரும் உளர். விழாக் காலங்களிற் கட்டடத்துக்கு நன்கொடை திரட்டுவது நம் வழக்கம். அதனோடு மலைநாட்டுப் பாடசாலை ஒன்றைத் துணைப் பாடசாலையாக ஏற்று, நம் உயர்தர விஞ்ஞான மாணவர் ஆண்டுக்கு ஒரு மாதம் அங்கு சென்று அப்பிள்ளைகளோடு அளந்தும் எழுதியும் திருத்தியும் பயிலுமாறு செய்தால், கற்பிப்பதினும் அவர்கள் கற்பதே மிகுதியாயிருக்கும். சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் இதனைத் தீர்மானமாக முன்மொழிய எண்ணியிருக்கின்றேன். வழிமொழிய முன்வரும் அன்பர் எனக்கு எழுதுவாராக. பசறையில் மழை தொடங்குவதற்கு முன்னரே எழுதுவாராயின் நன்று.